வீட்டுக்குப் பேச நெட்டு

லாரிக்காரர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டீசல் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஸ்பேனர் கேட்டால் இல்லை என்று பொய் சொல்லலாம். ஆனால் ஒருவன் வந்து, "அண்ணே, வீட்டுக்குப் பேசணும், கொஞ்சம் நெட்டு குடுங்க" என்று கேட்டால், அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும். யாரிடம் பேசப் போகிறாய், என்ன பேசப் போகிறாய் என்று கேட்கிறவன் லாரி ஓட்டவே லாயக்கில்லாதவன். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையில் இடி விழ.

நான் ஓட்டுவது குளிர்பெட்டி லாரி. மருந்து ஏற்றிக்கொண்டு நாலு நாடு தாண்ட வேண்டும், போய்ச் சேரப் பதினோரு நாள். இரண்டு டிரைவர், மாற்றி மாற்றி ஓட்டுவோம். நாடுகளுக்கு எங்கள் பாஷையில் தனிப் பேர்: வீடு, மணல், மலை, துறைமுகம். எல்லை தாண்டும்போதெல்லாம் சிம் மாற்ற வேண்டும், ஏனென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டியின் குளிரைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு லாரிக்கு ஒரு சிம்தான் என்பது கம்பெனி கணக்கு. நாலு நாட்டு சிம்மையும் வெயில் மறைப்புப் பலகையில் டேப் போட்டு வரிசையாக ஒட்டி வைத்திருப்பேன். போனில் சிம் தட்டைத் திறப்பதற்குச் சட்டைக் காலரில் ஒரு ஊக்கு. என் தங்கை தன் வளையலில் கோத்திருந்ததைக் கழற்றிக் கொடுத்தது.

இரண்டாவது டிரைவர் அந்தத் தங்கையின் கணவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், வாட்டசாட்டமான ஆள், ஆனால் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சுங்கக்காரன் திட்டினாலும் சிரிப்பான். டிரைவர்கள் அவனுக்கு வைத்த பேர் சாது. எனக்கு வைத்த பேர் வெடி. அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை எடைமேடையில் வரிசை தாண்டி வந்தவனின் லாரிக் கதவையே உதைத்துக் கழற்றியிருக்கிறேன்.

சாது என் ஹாட்ஸ்பாட்டில்தான் இருப்பான். கேட்டது கொடுக்கத்தானே பெண் வீட்டுக்காரன்? ஒவ்வொரு நாட்டிலும் கம்பெனி சொல்கிற சின்ன பேக்கை விட்டுவிட்டு, என் கைக்காசில் பெரிய பேக்காகப் போடுவேன். ஆறு நாளில் எழுபது ஜிபி தின்றிருந்தான். ஓட்டாத நேரமெல்லாம் பின்படுக்கையில் படுத்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு, போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பான். தங்கையோடுதான் பேசுகிறான் என்று எனக்கும் தெரியும். "என் மாப்பிள்ளை மாதிரி எவன் பெண்டாட்டிகிட்ட பேசுறான்?" என்று டீக்கடைகளில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். முட்டாள் என்பதற்கு என் போட்டோவை ஒட்டலாம்.

மணல் நாட்டின் கடைசி வாசலில் அன்று காலை நாற்பது லாரி வரிசை. சாதுவை வண்டியில் விட்டுவிட்டு, மலை நாட்டு சிம்முக்குப் புது பேக் போட வேண்டி அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு பெட்டிக்கடைக்குப் போனேன். பேக் ஏறியது. சிம்மைச் சட்டைப் பையில் போட்டபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணா, நான்தான். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா போன்ல இருந்து பேசுறேன். பாத்ரூம் ஜன்னல் வழியா குடுத்தாங்க. இங்க மட்டும்தான் கேமரா இல்லை. பத்து நிமிஷத்துக்கு மேல ஆனா சைரன் அடிப்பாரு. நீ பேசாத, கேளு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மூச்சு வாங்க, மனப்பாடம் செய்தவள் மாதிரி சொன்னாள். கூடத்தில் ஒரு கேமரா, அடுப்படியில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. சாது போனில் பார்க்கும்போது கேமராவில் நீல விளக்கு எரியும். வாசல் பூட்டும் அவன் போனில்தான் திறக்கும். தரையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறான். நில் என்றால் அதில் நிற்க வேண்டும், ஓர் இரவு முழுக்க நிற்க வைத்திருக்கிறான். கண் மூடினால் கேமராவிலிருந்து சைரன்.

"போன மாசம் கை உடைஞ்சது..."

"பாத்ரூம்ல வழுக்கினியே."

"வழுக்கலைண்ணா."

நான் அப்போது அந்த பாத்ரூமுக்கு ரப்பர் விரிப்பு வாங்கிக் கொடுத்தேன். நல்ல கனமான விரிப்பாகத் தேடி வாங்கினேன்.

"நீ வண்டியை விட்டு இறங்கினா நீல விளக்கு அணையும்ணா. நீ எல்லை தாண்டுற நாள்தான் நான் படுத்துத் தூங்குற நாள். இன்னிக்கு ஒரு மணிக்குப் பூட்டு உடைக்கிற ஆளை அக்கா கூட்டிட்டு வர்றாங்க. மூணு மணிக்கு பஸ். பூட்டைத் தொட்டதும் அவர் போனுக்குச் சேதி போயிடும். போச்சுன்னா அவங்கண்ணனைக் கூப்பிடுவாரு, அவரு அடுத்த தெருதான், அஞ்சு நிமிஷத்துல வந்துருவாரு. வந்தா என்னைக் கொன்னுடுவாங்கண்ணா. மூணு மணி வரைக்கும் அவருக்கு நெட்டு குடுக்காத. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம்."

அழைப்பு நின்றுவிட்டது. கடைக்காரன் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றான், எனக்கு வாங்கத் தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றது ஞாபகம் வந்தது. "ஊர் உலகத்துல இல்லாததா? அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, நானே என் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு போய் அவனிடம் விட்டுவிட்டு வந்தேன். வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன். "சர்வர் வேலை செய்யலையாம் மாப்ள. அந்தப் பக்கம் போய் வாங்கிக்கலாம்" என்றேன்.

"நெட்டு கட்டாயிடுச்சே மச்சான்."

"சார்ஜ் தீர்ந்துபோச்சு."

அவன் சிரித்தான். வரிசை நகர்ந்தது, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது, கதவுக் கம்பம் தூக்கினார்கள். மணல் வாசலுக்கும் மலை வாசலுக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. அது எந்த நாடும் இல்லை. வீடு இல்லை, கடை இல்லை, டவர் இல்லை. எட்டாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு வரும், அங்கே லாரிகள் இளைப்பாற நிற்கும், மலை நாட்டு டவரும் அங்கேதான் கிடைக்கத் தொடங்கும். வண்டிக் கடிகாரத்தை எப்போதும் வீட்டு நேரத்தில்தான் வைத்திருப்போம். மணி ஒன்று ஐம்பது.

ஐந்தாவது கிலோமீட்டரில் ஓரம் கட்டினேன். பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னாச்சு மச்சான்?"

"ஏர் லீக் ஆகுது."

அவன் காற்றழுத்த முள்ளைப் பார்த்தான். அது நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தான். வேர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டை, உள்ளே மலை நாட்டு சிம்மின் சிவப்பு அப்படியே தெரிந்தது.

"அது என்ன மச்சான்? சர்வர் வேலை செய்யலைன்னீங்க?"

எனக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. அடிக்கத்தான் பழக்கம். சிம்மை எடுத்து வாயில் போட்டு மென்றேன். சினிமாவில் பார்ப்பது மாதிரி அது உடையாது. வளையும், மடங்கும், ஓரம் ஈறைக் கிழிக்கும். கடைவாயில் வைத்துக் கடித்துக் கடித்து, தகடு பிரிந்த பிறகு துப்பினேன். கூடவே ரத்தமும் வந்தது.

அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பு இல்லாத முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் குரல் உயரவில்லை.

"சொல்லிட்டாளா?"

வாயில் ஊறிய ரத்தத்தை மறுபடி துப்பினேன்.

"எங்க இருந்து பேசினா? பாத்ரூம்ல இருந்தா?" உதட்டைக் கடித்துக்கொண்டான். "அங்கயும் ஒண்ணு வச்சிருக்கணும். தப்பு என்மேலதான்."

அவன் மூக்கில் குத்தினேன். மூக்கெலும்பு மடங்கியது கைக்குத் தெரிந்தது. தலைமயிரைப் பிடித்து ஸ்டியரிங்கில் இடித்தேன், ஹாரன் அலறியது. மறுபடி இடித்தேன், மறுபடி அலறியது. சொல்வதற்கென்ன, எனக்கு அது இனித்தது. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து இடித்துக்கொண்டிருந்தேன். அந்த இனிப்பில்தான் அவன் கை இருக்கைக்கு அடியில் போனதைக் கவனிக்கவில்லை.

ஜாக்கி கம்பி என் தோள்பட்டையில் இறங்கியது. தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இடது கை செத்த கை மாதிரி தொங்கியது. அடுத்த அடி தாடையில். கதவோடு சேர்ந்து வெளியே விழுந்தேன், சரளைக்கல் முகத்தில் அப்பியது.

அவன் நிதானமாக இறங்கினான். முகமெல்லாம் ரத்தம், கையில் போன், அதன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, காது வயர் அறுந்து தொங்கியது. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வளைவை நோக்கி நடக்க ஆரம்பித்தான். மூன்று கிலோமீட்டர்தான். அங்கே எத்தனையோ லாரி நிற்கும். எந்த லாரிக்காரனும் இல்லை என்று சொல்ல மாட்டான்.

எழுந்து ஓடி, பின்னாலிருந்து அவன் காலைக் கட்டிக்கொண்டேன். அடிப்பதற்கு ஒரு கைதான் மிச்சம், பிடிப்பதற்கு அது போதும் என்று தோன்றியது. வெடி என்று பேர் வாங்கினவன் வாழ்க்கையில் முதல்முறையாக அடிக்காமல் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவன் கம்பியால் முதுகில் போட்டான். விடவில்லை. விலாவில் உதைத்தான். விடவில்லை. முன்பல் இரண்டு தொண்டைக்குள் போயிற்று, விழுங்கிக்கொண்டேன். என்னை இழுத்துக்கொண்டே பத்தடி நடந்தான், நின்று அடித்தான், மறுபடி பத்தடி நடந்தான்.

"விடுடா. அவ என் பெண்டாட்டி."

"என் தங்கச்சிடா."

"நீதானடா கொண்டாந்து விட்ட?"

அந்த வார்த்தையில் கை தளர்ந்துவிட்டது. அவன் காலை உருவிக்கொண்டு ஓடினான். காலரில் இருந்த ஊக்கைப் பிடுங்கி வாயால் திறந்துகொண்டு, ஊர்ந்தும் ஓடியும் அவனை எட்டிப் பிடித்தேன். போன் பிடித்திருந்த கையில், கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஊக்கை முழுதாக ஏற்றினேன். அவன் அலறினான். சாதுவின் சத்தத்தை அப்போதுதான் கேட்டேன். போன் விழுந்தது. இரண்டு பேரும் அதன்மேல் விழுந்தோம். அவன் என் கழுத்தை நெரித்தான், நான் அவன் காதைக் கடித்தேன். எத்தனை நேரம் அப்படிப் புரண்டோம் என்று தெரியாது. மணி இரண்டரையா, மூன்றா? கடிகாரம் வண்டியில் இருந்தது. அது தெரியாததுதான் எலும்பு முறிந்ததைவிட வலித்தது.

பிறகு பிரேக் சத்தம். மீன் லாரி ஒன்றும், அதன் பின்னால் சிமெண்ட் லாரி ஒன்றும் நின்றன. மீன் லாரிக்காரரை எங்கள் வழியில் தெரியாதவர் இல்லை. வயசானவர், மகள் இருவரையும் வெளிநாட்டில் கட்டிக்கொடுத்தவர், அவர்களோடு பேசுவதற்காகவே வண்டிக் கூரையில் பெரிய ஆன்டெனாவும் உள்ளே ஒரு ரௌட்டரும் வைத்திருப்பவர். டவர் இல்லாத இடத்திலும் அவர் வண்டிக்கு நெட்டு வரும்.

சிமெண்ட் லாரிக்காரர்கள் இருவரும் என்னைத்தான் பிடித்து இழுத்தார்கள். வெடியும் சாதுவும் கட்டிப் புரண்டால் யாரைப் பிடிப்பார்கள்?

"டேய் வெடி, பைத்தியமாடா உனக்கு? காதைக் கடிச்சு வச்சிருக்கான் பாருங்கண்ணே!"

தார்ப்பாய்க் கயிற்றால் என் கையை, முறிந்த தோளோடு சேர்த்துக் கட்டினார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். புரண்டதில் தாடை ஒரு பக்கமாக விலகியிருந்தது, ரத்தம்தான் வழிந்தது, வார்த்தை வரவில்லை. சாது மண்டியிட்டு உட்கார்ந்து போனைத் துடைத்தான். கண்ணில் நீர். கைகூப்பினான்.

"அண்ணே, வீட்டுக்குப் பேசணும். கொஞ்சம் நெட்டு குடுங்கண்ணே."

"அதுக்கென்னப்பா, கேக்கணுமா?" மீன் லாரிக்காரர் பாஸ்வேர்டைச் சொன்னார். எழுத்து எழுத்தாக, அவன் தட்டி முடிக்கும்வரை பொறுமையாகச் சொன்னார். நான் சரளையில் தலையை இடித்துக்கொண்டு ஊளையிட்டேன். ஒருவன் என் முதுகில் ஏறி உட்கார்ந்தான்.

டிங், டிங், டிங் என்று சேதிகள் வந்து விழுந்தன. சாது அவற்றைப் படித்தான். அப்போது அவன் அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் கதை வேறு. ஆனால் பழக்கம் யாரை விட்டது? அவன் விரல் முதலில் கேமராவுக்குத்தான் போனது. வயர் அறுந்துபோயிருந்ததால் சத்தம் வெளியே கேட்டது. ஆளில்லாத கூடத்தின் ம்ம் என்ற இரைச்சல்.

"ஏய்," என்றான். சாந்தமான குரல்தான். "வட்டத்துக்கு வா."

மீன் லாரிக்காரர் என் தாடையைப் பார்க்கக் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"மூணு எண்ணுவேன். வட்டத்துல வந்து நில்லு. போன தடவை கை. இந்தத் தடவை எது வேணும்னு நீயே சொல்லு. ஒண்ணு. ரெண்டு."

மூன்று என்று சொல்லிவிட்டு எதையோ அழுத்தினான். ஒரு நாடு தாண்டி என் தங்கையின் வீட்டில் சைரன் அடித்தது, அந்தச் சத்தம் எங்கள் நடுவில் கேட்டது. மீன் லாரிக்காரர் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தார். நான் பின்னால் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது: ஒரு நாற்காலி, திறந்த வாசல் கதவு, தரையில் சாக்பீஸால் போட்ட வட்டம். வட்டத்துக்குள் சுருட்டிய ரப்பர் விரிப்பு ஒன்று.

"எங்கடி போன?" சாது கத்தினான். அதற்குப் பிறகு அவன் கத்தியதையெல்லாம் நான் எழுத மாட்டேன். கத்தி ஓய்ந்ததும் அண்ணனின் எண்ணைத் தேடினான்.

மீன் லாரிக்காரர் வண்டியில் ஏறினார். அவசரமில்லாமல்தான் ஏறினார். ரௌட்டரின் வயரைப் பிடுங்கினார்.

"நெட்டு போச்சே. என்னண்ணே ஆச்சு?"

"டவர் இல்லைப்பா," என்றார்.

சாது அவர்மேல் பாய்ந்தான். என் முதுகில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய் அவன் முழங்காலில் ஓங்கி உதைத்தான். மூன்று பேருமாகச் சேர்ந்து அவனை அடித்த அடியை நான் மண்ணில் கிடந்தபடியே பார்த்தேன். போனை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியை ஏற்றினார்கள். என் கையில் இருந்த கயிறுதான் அவன் கைக்குப் போயிற்று.

எனக்குத் தண்ணீர் கொடுத்து, தாடையைத் துண்டால் இழுத்துக் கட்டினார்கள். போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. பஸ் கிளம்பியிருக்க வேண்டும். ஏறினாளா? போனை எடுத்துக் காட்டி, கட்டிய வாயோடு சைகையும் முனகலுமாகக் கேட்டேன். வீட்டுக்குப் பேசணும். கொஞ்சம் நெட்டு.

மீன் லாரிக்காரர் உடனே கொடுக்கவில்லை. கையில் பிடுங்கிய வயரை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"யார்கிட்ட?"

நெஞ்சைத் தொட்டு, சாதுவைக் காட்டினேன். புரிந்துகொண்டார். "தங்கச்சியா?" தலையாட்டினேன்.

"சரி. அந்தப் பொண்ணுக்கு உன்கிட்ட பேசணுமா?"

இருபத்திரண்டு வருடத்தில் எந்த டிரைவரும் எந்த டிரைவரையும் கேட்டிராத கேள்வி. ஆமாம் என்று தலையாட்டப் போனேன். பைக்கின் பின்னால் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. தெரியாது என்று கையை விரித்தேன். அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர் வயரைச் செருகினார். "கூப்பிடாத. கேட்டு எழுது. பதில் வந்தா பேசு."

தையல்கார அக்காவின் எண்ணுக்கு ஒரே ஒரு வரி, ஒரு கையால் தட்டினேன்: ஏறிட்டாளா?

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. நடுவில் ஆபீசிலிருந்து பெட்டியின் குளிர் என்ன என்று கேட்டு வரிசையாகச் சேதிகள் வந்தன. பிறகு அந்த எண்ணிலிருந்து தங்கையே எழுதினாள். அக்காவும் கூடப் போகிறாள் போலிருக்கிறது.

"பஸ்ல இருக்கேன்ணா. எந்த ஊருக்குன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன். நீயும் கேக்காத."